‘மிஸ்டர்’ ரீகாவுக்குப் போனால்

ஆங்கிலக் கதை ஒன்றில் யாரோ ஒருவர் டாக்டர் டெய்லரைப் பார்த்து, “டாக்டர் டெய்லர், சீக்கிரமே வந்துவிட்டீர்களே” என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். இந்த வரியைத் தமிழாக்குபவர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பேசுகிறவர் ‘நீ’ என்பாரா, ‘நீங்கள்’ என்பாரா? அதை லாட்விய மொழியில் எழுத வேண்டியவருக்கோ வேலை அதிகம். டெய்லர் ஆணென்றால் ‘தெய்லோர்ஸ்’, பெண்ணென்றால் ‘தெய்லொரெ’. பட்டமும் அதற்கேற்ப ‘தோக்தோர்ஸ்’ அல்லது ‘தோக்தொரெ’ ஆகும். ‘நீ’ என்பதற்கு ‘து’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘யூஸ்’. வந்தவர் ஆணானால் வினையெச்சம் ‘அத்னாட்சிஸ்’ என்றும் பெண்ணானால் ‘அத்னாகுஸி’ என்றும் முடியும். ஆங்கில மூலம் இவற்றில் எதையும் சொல்வதில்லை. டெய்லர் ஆணா பெண்ணா என்பது நாவலின் அறுபதாம் பக்கத்தில்தான் தெரியவரும் என்றால், லாட்விய மொழிபெயர்ப்பாளர் அறுபது பக்கத்தையும் படித்துவிட்டு வந்துதான் முதல் வரியை எழுத முடியும். அந்த மர்மத்தை நம்பியே கதை நடக்கிறது என்றால் அவர் பாடு இன்னும் திண்டாட்டம்.

எஸ்தோனியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே பால்டிக் கடலோரம், ரீகாவைத் தலைநகராகக் கொண்டு இருக்கும் லாட்வியாவின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பால்டிக் கிளையில் இன்று பேச்சில் எஞ்சியிருப்பவை லாட்வியமும் லித்துவேனியமும்தாம். நாடு சிறியதானாலும் மொழிபெயர்ப்புக்குக் குறைவில்லை. 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், லாட்வியம் அதன் அலுவல் மொழிகளில் ஒன்றானது. சட்டங்கள், கடிதங்கள், நாடாளுமன்ற உரைகள் என எல்லாமே அந்த மொழிக்கு வந்து சேர வேண்டும். அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வருவது. ஆகவே ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’, ‘சர்’, ‘டியர்’ ஆகிய நான்கு சொற்களை என்ன செய்வது என்பது அங்கே இலக்கிய மொழிபெயர்ப்பாளரின் கவலையாக மட்டும் இல்லாமல் அன்றாட அலுவலாகவும் ஆகியிருக்கிறது.

முதலில் ‘மிஸ்டர்’. இதற்கு நேரான லாட்வியச் சொல் ‘குங்ஸ்’, பெண்ணுக்கு ‘குண்ட்ஸெ’. ஆங்கிலத்தில் மரியாதைச் சொல் பெயருக்கு முன்னால் நிற்கிறது, லாட்வியத்தில் பெயருக்குப் பின்னால் வருகிறது. நம் ‘டாக்டர் ஐயா’, ‘டீச்சர் அம்மா’ போல என்று தமிழ் வாசகர் உடனே தலையசைப்பார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லாட்வியத்தில் முன்னால் வரும் பெயர் எழுவாய் வடிவில் நிற்காமல் ஆறாம் வேற்றுமை ஏற்கிறது. ‘ஓஸோல்ஸ்’ என்பது அங்கே பரவலான குடும்பப் பெயர்; ஓக் மரம் என்று பொருள். திரு ஓஸோல்ஸ் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஓஸோல குங்ஸ்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘ஓஸோல்ஸின் ஐயா’. அதே குடும்பத்துப் பெண்ணின் பெயர் எழுவாயில் ‘ஓஸோல’, அவரை மரியாதையுடன் குறிப்பது ‘ஓஸோலஸ் குண்ட்ஸெ’.

இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஆணின் பெயருக்கு ஆறாம் வேற்றுமை வடிவம் ‘ஓஸோல’; பெண்ணின் பெயருக்கு எழுவாய் வடிவமும் ‘ஓஸோல’. ஆக ‘ஓஸோல’ என்று மட்டும் எழுதினால் பெண், ‘ஓஸோல குங்ஸ்’ என்று எழுதினால் ஆண். லாட்வியர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை. புதிதாக மொழி கற்றுக்கொள்ளும் வெளிநாட்டவரோ, ஒரு பெண்ணின் பெயரோடு ‘ஐயா’ ஒட்டியிருப்பதாக எண்ணி விழிப்பார். பதவிப் பெயர்களிலும் இதே கதைதான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் பேசுகிறவர் தலைவரை ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ என்று விளித்துத் தொடங்குவார். அவைத்தலைவருக்கு லாட்வியத்தில் ‘பிரியெக்ஷ்சேதேதாய்ஸ்’ என்று பெயர், முன்னால் அமர்பவர் என்று பொருள். எனவே ஆண் தலைவரை ‘பிரியெக்ஷ்சேதேதாய குங்ஸ்’ என்றும் பெண் தலைவரை ‘பிரியெக்ஷ்சேதேதாயஸ் குண்ட்ஸெ’ என்றும் விளிக்க வேண்டும். அதே ‘பிரசிடென்ட்’ ஒரு நாட்டின் அதிபராக இருந்தால் சொல் மாறி ‘பிரெசிதெந்த குங்ஸ்’ என்றாகும். 1999 முதல் 2007 வரை லாட்வியாவின் அதிபராக இருந்த வைரா வீக்கெ-ஃப்ரெய்பெர்க காலத்தில் அது ‘பிரெசிதெந்தெஸ் குண்ட்ஸெ’ ஆனது. ஆங்கிலம் இரண்டு பதவிக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிப்பதை லாட்வியத்துக்குக் கொண்டுவரும்போது பேசப்படுவது எந்தப் பதவி, அதில் இருப்பது யார் என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

வேற்றுமை உருபு ஏற்க வேண்டுமென்றால் பெயர் லாட்வியப் பெயராக மாறியாக வேண்டும் அல்லவா? அதனால்தான் வெளிநாட்டுப் பெயர்களையும் ஒலிப்புப்படி எழுதி, பாலுக்கேற்ற ஈற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். சர்ச்சில் அங்கே ‘சேர்ச்சில்ஸ்’, மார்கரெட் தாட்சர் ‘மார்கரெத தெச்செரெ’. பிரிட்டனின் முன்னாள் பிரதமரை ‘தெச்செரெஸ் குண்ட்ஸெ’ என்று எழுதினால்தான் அந்த வாக்கியம் லாட்விய வாக்கியமாக நிற்கும். இந்த விதி 1999-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. மூல எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டில் தனியே குறித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஜெர்மானியரை மணந்த லாட்வியப் பெண் ஒருவர், கணவரின் குடும்பப் பெயரைத் தம் கடவுச்சீட்டில் லாட்விய உருவில் எழுதியதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார். 2004-இல் அவருடைய மனு ஏற்கப்படவில்லை. பெயரை மாற்றி எழுதுவது அவமதிப்பு என்று ஆங்கிலம் பேசுவோர் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் ஈறு இல்லாத பெயரை எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பிரித்துச் சொல்ல அந்த மொழியால் முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். இதில் சட்டத்தின் விறைப்பைக் குறை சொல்லலாமே தவிர இலக்கணத்தைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு ஓர் அழகான விதிவிலக்கும் இருக்கிறது. லாட்வியத்திலும் தமிழைப் போலவே விளி வேற்றுமை உண்டு. ‘கண்ணன்’ விளியில் ‘கண்ணா’ ஆவதுபோல, ‘யானிஸ்’ என்ற பெயர் கூப்பிடும்போது ‘யானி’ ஆகிறது. பல ஆண்பால் பெயர்களில் ஈற்றில் உள்ள ‘ஸ்’ விளியில் உதிர்ந்துவிடும். ஆங்கில ஜான், லாட்வியக் கதைக்குள் ‘ஜான்ஸ்’ ஆக நடமாடுவார். யாராவது அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அவர் மறுபடி ‘ஜான்’ ஆகிவிடுவார்.

இனி ‘குங்ஸ்’ என்ற சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளரின் கையைக் கட்டுவதில் இலக்கணத்துக்கு நிகரான பங்கு இந்த வரலாற்றுக்கும் உண்டு. இது ஜெர்மானிய மொழிகளிலிருந்து வெகு காலத்துக்கு முன் கடன் பெற்ற சொல். ஆங்கிலத்தின் ‘கிங்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். லித்துவேனியத்தில் அதே வேர் ‘குனிகஸ்’ என்றாகி இன்று பாதிரியாரைக் குறிக்கிறது. அரசனைக் குறித்த சொல் ஓரிடத்தில் பாதிரியார், அடுத்த வீட்டில் ஐயா. ஜெர்மானியரான பிஷப் ஆல்பெர்ட் 1201-இல் ரீகா நகரை நிறுவியதிலிருந்து ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள், ஆட்சி போலந்து, ஸ்வீடன், ரஷ்யா என்று கைமாறினாலும், நிலமும் தேவாலயமும் பெரும்பாலும் ஜெர்மன் பேசும் பிரபுக்களிடமே இருந்தன. அந்தக் காலத்தில் ‘குங்ஸ்’ என்றால் பண்ணை மாளிகையின் எஜமான். பெரிய எஜமான் ‘லியெல்ஸ்குங்ஸ்’, மாளிகைத் தலைவி ‘லியெல்மாதெ’, பாதிரியார் ‘மதிப்புக்குரிய தந்தை’ என்று பொருள்படும் ‘சியெனீக்தேவ்ஸ்’. லாட்விய உழவர் அந்த எஜமானுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கும் பண்ணையடிமையாக இருந்தார். மேற்கே கூர்லாந்துப் பகுதியில் 1817-இலும் வடக்கே லிவோனியாவில் 1819-இலும், கிழக்கே லாத்கலெ பகுதியில் 1861-இலும்தான் அந்த அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

அதே சொல்லையே கடவுளுக்கும் வைத்தார்கள். ஜெர்மனியில் பிறந்து அலூக்ஸ்னெ ஊரில் போதகராக இருந்த எர்ன்ஸ்ட் குளூக் லாட்வியத்தில் மொழிபெயர்த்து, 1694-இல் முழுமையாக வெளிவந்த விவிலியத்தில் ‘கர்த்தர்’ என்ற இடத்தில் நிற்பது ‘குங்ஸ்’. ஆங்கிலத்தில் ‘லார்டு’ கடவுளையும் குறிக்கும், பிரபுவையும் குறிக்கும். லாட்வியத்திலும் ஒருகாலத்தில் அப்படித்தான்: விண்ணில் ஒரு குங்ஸ், மாளிகையில் ஒரு குங்ஸ். நாட்டுப்பாடல்கள் இரண்டாமவரைக் கசந்து பாடுகின்றன. ரஷ்யப் பேரரசில் வெடித்த 1905 புரட்சியின்போது இங்கே நூற்றுக்கணக்கான பண்ணை மாளிகைகள் தீக்கிரையாயின. 1918 நவம்பர் 18 அன்று விடுதலை அறிவித்த குடியரசு, 1920-இல் நிலச்சீர்திருத்தத்தோடு பிரபு வகுப்பின் சிறப்புரிமைகளையும் ஒழித்தது. வெறுத்த சொல்லைத் தூக்கியெறிந்திருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு: எஜமானின் பட்டம் எல்லா ஆண்களுக்கும் உரிய மரியாதையானது. தபால்காரரும் குங்ஸ், அமைச்சரும் குங்ஸ்.

இந்த இடத்தில் கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்ற பெரியவரைச் சொல்லாமல் போக முடியாது. 1835-இல் பிறந்து 1923-இல் மறைந்த இவர், ‘தைனா’ எனப்படும் லாட்விய நாட்டுப்பாடல்களைத் திரட்டி வகைப்படுத்தி 1894-க்கும் 1915-க்கும் இடையே வெளியிட்டவர். ‘தைனாக்களின் தந்தை’ என்று போற்றப்படுபவர். 2014-இல் யூரோ வரும் வரை நூறு லாத் நோட்டில் இருந்தது இவர் முகம்தான். ‘பாரோன்ஸ்’ என்பது அவருடைய குடும்பப் பெயர். ஆனால் அதே சொல்லுக்கு ஜெர்மன் பிரபுவான ‘பாரன்’ என்றும் பொருள் உண்டு. ஆகவே ‘பாரோன குங்ஸ்’ என்று காதில் விழுந்தால், பண்ணை எஜமானான பாரன் துரையையும் குறிக்கலாம், பண்ணையாட்கள் பாடிய பாட்டுகளைச் சேர்த்த திரு பாரோன்ஸையும் குறிக்கலாம். எழுத்தில் பெரிய எழுத்து வந்து காப்பாற்றும். பேச்சில் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

1940-இல் சோவியத் படை வந்தபின் ‘குங்ஸ்’ பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது ‘பியெத்ர்ஸ்’, அதாவது தோழர். பெண்ணுக்கு ‘பியெத்ரெ’. குங்ஸ் என்றால் ஒழிக்கப்பட்ட வர்க்கத்தான், அல்லது வெளிநாட்டவன். போரின் முடிவில் மேற்கே ஓடிய ஏதிலியர், ஜெர்மனி முகாம்களிலும் பிறகு கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்காவிலும் பழைய விளிமுறையைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். விடுதலை மீண்ட 1990–91 ஆண்டுகளில் நாட்டுக்குள்ளும் ‘குங்ஸ்’ திரும்பியது. ‘பியெத்ர்ஸ்’ விளிச்சொல்லாகச் செத்துப்போனாலும் சொல் சாகவில்லை. சங்க உறுப்பினர் இன்னமும் பியெத்ர்ஸ்தான். வகுப்புத் தோழன் ‘க்ளஸெஸ்பியெத்ர்ஸ்’. ஆங்கிலத்தில் ‘காம்ரேட்’ என்று வரும் இடமெல்லாம் இந்தச் சொல்லைப் போட்டால் லாட்விய வாசகருக்கு உடனே ஒரு குறிப்பிட்ட ஐம்பது ஆண்டுக் காலம் மூக்கில் மணக்கும். போர்முனை நண்பனை ‘காம்ரேட்’ என்று சாதாரணமாக அழைக்கும் ஓர் ஆங்கிலப் பாத்திரத்துக்கு அந்த வாசனை தேவையா என்பதை ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிரபுப் பட்டங்களில் நிலைமை கலவையானது. ஜெர்மானியர் ஆண்ட நாடு என்பதால் பட்டங்களின் அலமாரி ஏற்கெனவே ஜெர்மன் சொற்களால் நிரம்பியிருந்தது. ‘டியூக்’குக்கு ‘ஹெர்ட்சோக்ஸ்’. இது அவர்களுக்கு அந்நியச் சொல்லே இல்லை. 1561 முதல் 1795 வரை கூர்லாந்தை ஆண்டவர்கள் ஹெர்ட்சோக்ஸ்கள்தாம். அவர்களில் யாகோப் கெட்லர் பதினேழாம் நூற்றாண்டில் டோபாகோ தீவிலும் காம்பியாவிலும் குடியேற்றம் அமைக்கும் அளவுக்குக் கப்பல் வைத்திருந்தார். எனவே எடின்பரோ கோமகன் லாட்வியத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ‘எடின்புர்கஸ் ஹெர்ட்சோக்ஸ்’ ஆகிறார். ‘எர்ல்’ பட்டம்தான் அடையாளம் இழக்கிறது. ஆங்கிலேய எர்லும் ஐரோப்பியக் கவுண்ட்டும் லாட்வியத்தில் ஒரே ‘கிராஃப்ஸ்’. இதில் ஆங்கிலேயர் குறைப்பட இடமில்லை, அவர்களே எர்லின் மனைவியைக் ‘கவுண்ட்டஸ்’ என்றுதானே அழைக்கிறார்கள்.

‘சர்’, ‘லார்டு’, ‘லேடி’ மூன்றுக்கும் ஜெர்மன் அலமாரியில் பொருத்தமான சொல் கிடைக்காததால் ‘செர்ஸ்’, ‘லோர்ட்ஸ்’, ‘லேதிய’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இவை பெயருக்கு முன்னால்தான் நிற்கும். ‘லோர்ட்ஸ்’ வந்தபின் கடவுளும் பிரபுவும் தனித்தனிச் சொல்லுக்குப் பிரிந்துபோனார்கள். மேலே சொன்ன பழைய குழப்பத்தைக் கருதினால் இது நல்லதாகவே போயிற்று. ‘செர்ஸ்’ மட்டும் பொறி வைத்த சொல். ‘நைட்’ என்ற வீரப் பட்டம் பெற்றவரை முதற்பெயரோடு ‘சர் வின்ஸ்டன்’ என்பார்கள், ‘சர் சர்ச்சில்’ என்று சொல்லக் கூடாது. அதனால் ‘செர்ஸ் வின்ஸ்தோன்ஸ் சேர்ச்சில்ஸ்’ சரி, ‘செர்ஸ் சேர்ச்சில்ஸ்’ பிழை. ‘குங்ஸ்’ குடும்பப் பெயரோடு சேர்ந்தே பழகிய லாட்வியருக்கு இந்தப் பிழை எளிதில் வரும். வெறும் பெயரை வைத்துச் ‘சர்’ போடும் நமக்கும் அது புதிதல்ல. கடைக்காரர் வாடிக்கையாளரை அழைக்கும் ‘சர்’ இதிலிருந்து முற்றிலும் வேறு. அதற்குச் ‘செர்ஸ்’ போட்டால் மளிகைக் கடைக்குள் குதிரையில் ஒரு வீரர் நுழைந்தது போலாகிவிடும். அங்கே ‘குங்ஸ்’ போதும், பல நேரம் எதுவுமே வேண்டாம்.

நாவல்களில் ‘மிஸ்டெர்ஸ்’, ‘மிஸிஸ்’, ‘மிஸ்’ என்று ஆங்கில வாடையை வைத்துக்கொள்வதும் ஒரு வழக்கம். கதை லண்டனில் நடக்கிறது என்பதை இது சொல்லாமல் சொல்லும். பெயரை ஆறாம் வேற்றுமையில் மாற்ற வேண்டிய தொல்லையும் இல்லை. ஆனால் ‘மிஸ்டெர்ஸ்’ வேற்றுமை ஏற்கும், ‘மிஸிஸ்’ஸும் ‘மிஸ்’ஸும் ஏற்கா. கணவன் உருபோடும் மனைவி உருபில்லாமலும் ஒரே வாக்கியத்தில் போவது படிக்கச் சற்று இடறும். என் கணிப்பில், பழைய லண்டன் கதைக்கு மிஸ்டெர்ஸ் பொருந்தும்; இன்றைய அலுவலகக் கடிதத்தில் அது நாடக உடுப்பு.

‘மிஸ்’ என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது. மணமாகாத பெண்ணுக்கு லாட்வியத்தில் ‘யௌன்குண்ட்ஸெ’, இளம் சீமாட்டி, என்று ஒரு சொல் இருக்கிறது. 1970-களில் ஆங்கிலத்தில் பரவிய ‘மிஸ்ஸ்’ என்ற மணநிலை காட்டாத விளிக்கு அங்கே தனிச் சொல் ஏற்படவில்லை. மேற்கு ஜெர்மனி 1972-இல் ‘ஃப்ராய்லைன்’ என்பதை அலுவல் வழக்கிலிருந்து நீக்கியது போல, லாட்வியத்திலும் வளர்ந்த பெண் எவரையும் ‘குண்ட்ஸெ’ என்பதே வழியாகிவிட்டது. இதற்கு அவர்களின் பெயர் முறையும் துணை நிற்கிறது. லித்துவேனியத்தில் மணமான பெண்ணின் குடும்பப் பெயர் ‘-யெனெ’ என்றும் மணமாகாதவர் பெயர் ‘-அய்தெ’ போன்ற ஈறுகளிலும் முடிவதே மரபு. நடுநிலையான குறுகிய ஈற்றை அந்நாடு 2003-இல்தான் அனுமதித்தது. லாட்வியப் பெயரோ பெண் என்பதைச் சொல்லும், மணமானவரா என்பதைச் சொல்லாது.

‘து’வும் ‘யூஸு’ம் தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத இணை. ஒருவரோடு ‘து’ போட்டுப் பேசும் அளவுக்கு நெருக்கம் என்பதை லாட்வியர் ‘உஸ் து’, அதாவது ‘து மேல் இருக்கிறோம்’ என்பார்கள். ஆங்கிலமும் ‘தௌ’ என்று ஒன்றை வைத்திருந்து அன்றாடப் பேச்சில் தொலைத்துவிட்டது. இன்றைய ஆங்கில உரையாடலில் நெருக்கம் கூடியதற்கு ஒரே தடயம், ‘மிஸ்டர்’ போய் முதற்பெயர் வருவதுதான். மொழிபெயர்ப்பாளர் அந்தத் தடயத்தைப் பிடித்து, எந்தப் பக்கத்தில் யார் முதலில் ‘து’வுக்கு இறங்குகிறார் என்று முடிவு செய்கிறார். ஆனால் முதல் நாளே முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்கும் அமெரிக்க அலுவலகக் கதையில் அந்தத் தடயம் பொய் சொல்லும். பெயரோடு ‘யூஸ்’ சேர்த்து எழுதுவதே அங்கே பாதுகாப்பான வழி. கடவுளிடம் பேசும்போது லாட்வியர் சொல்வது ‘து’. ‘உம்முடைய நாமம்’ என்று ‘நீர்’ நிலையில் நின்று வேண்டும் தமிழ்க் கிறித்தவருக்கு, கடவுளைக் குங்ஸ் என்று அழைத்துவிட்டு ‘உன்’ என்று தொடர்வது சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

கடிதத்தில் ‘டியர் சர்’ என்பதை அகராதி பார்த்து ‘தார்கைஸ்’ என்று தொடங்கினால் சிரிப்பார்கள். அந்தச் சொல்லுக்கு உயிருக்குயிரானவர் என்றும் விலை அதிகமானவர் என்றும்தான் பொருள். நாம் முன்பின் தெரியாதவரையும் ‘அன்புடையீர்’ என்று தொடங்கிவிடுகிறோம்; லாட்வியர் அன்பைக் கடிதத் தலைப்பில் வைப்பதில்லை. ‘கொதாதைஸ்’, மதிப்புப் பெற்றவர், அல்லது ‘சியெனீயமைஸ்’, மரியாதைக்குரியவர், என்று எழுதி வியப்புக்குறி இடுவார்கள். அதிபருக்கு ‘அவுக்ஸ்தி கொதாதைஸ்’, மிக உயர் மதிப்புக்குரியவர். பெறுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் இவற்றில் எதுவும் எழுத முடியாது, ஈறு காட்டிக்கொடுத்துவிடும். அப்போது மின்னஞ்சலில் ‘லப்தியென்’, நல்ல நாள், என்று மட்டும் எழுதி நழுவுகிறார்கள். அவையோரை விளிக்கும்போது ‘தாமஸ் உன் குங்கி’: பெண்களுக்குக் ‘குண்ட்ஸெ’யை விட்டுவிட்டு பிரெஞ்சு வழி வந்த ‘தாம’.

ஆங்கிலம் பால் காட்டி, லாட்வியம் மறைக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆண் ஆசிரியரைச் ‘சர்’ என்றும் பெண் ஆசிரியரை ‘மிஸ்’ என்றும் கூப்பிடுகிறார்கள். லாட்வியப் பள்ளியில் ஆண் ஆசிரியர் ‘ஸ்கோலோதாய்ஸ்’, பெண் ஆசிரியர் ‘ஸ்கோலோதாய’. விளியில் இரண்டும் ஈறு உதிர்ந்து ‘ஸ்கோலோதாய்!’ என்றே ஆகின்றன. கையைத் தூக்கி ‘மிஸ்’ என்று கத்தும் பிள்ளையின் குரலை மொழிபெயர்த்தால், எதிரே நிற்பவர் பெண் என்பது காணாமல் போகிறது. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்து, எங்கள் நோட்டைத் திருத்திவிட்டீர்களா என்று கேட்டால் போதும். திருத்தியவர் பெண் என்பதை ‘இஸ்லபொயுஸி’ என்ற வினையின் ஈறு சொல்லிவிடும்.